வேலூர் வெயிலும் வேன் பேட்டரியும்

கேம்பர் வேனில் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வேன்) விளக்கு மினுக் மினுக் என்றது. ஃபிரிட்ஜ் ஓடவே இல்லை. சத்துவாச்சாரியில் ஒரு கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "பேட்டரி போச்சு சார், புதுசு போட்டுடுங்க" என்றார். அளந்துகூடப் பார்க்கவில்லை!

வீட்டுக்கு வந்து மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வைத்தேன். விளக்கை எரியவிட்டு பேட்டரியின் ஈய முனையில் தொட்டால் 12.1 வோல்ட். அதே முனையைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் தொட்டால் 11-க்கும் கீழே. ஆக, கோளாறு நடுவில் பூத்திருந்த பச்சையும் வெள்ளையுமான பொடியில்தான். அதனால் சார்ஜும் சரியாக ஏறவில்லை, 12.1 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. முழுசாக ஏறி, சில மணி நேரம் ஓய்ந்த லெட் ஆசிட் பேட்டரி (இது போல ஈயத் தகடும் ஆசிடும் உள்ளது) 12.6, 12.7 காட்ட வேண்டும்.

நெகட்டிவை முதலில் கழற்றினேன் (மாட்டும்போது அது கடைசி). ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் பழைய டூத்பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு வந்துவிடும். ஒரு சொட்டுகூட செல்லுக்குள் (பேட்டரிக்குள் ஆசிட் இருக்கும் அறை) போகக்கூடாது, மூடிகளை இறுக்கிவிட்டுச் செய்யுங்கள். காய்ந்ததும் மாட்டி, மேலே வாஸ்லின்.

நம்ம ஊர் சித்திரை வெயிலில் செல் தண்ணீர் சீக்கிரம் குறையும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். தகடு மூழ்கியிருந்தால் முழு சார்ஜுக்குப் பிறகு ஊற்றுங்கள்.

லித்தியம் பேட்டரி போடச் சொல்கிறார்கள் நண்பர்கள். எடை குறைவு, தண்ணீர் தொல்லை இல்லை, சரி. ஆனால் சார்ஜரையும் மாற்ற வேண்டிவரலாம். விலையைக் கேட்டேன், அப்புறம் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.