புகார் கொடுத்தேன், மறுவாரமே ஆர்டர் நின்றது

எங்களுடையது சின்ன லேத் பட்டறை. பம்ப் உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கிறோம். ஒரு கம்பெனி ஏழு பில்லுக்கு எட்டு மாதமாகப் பணம் தராததால், சிறு தொழில்களுக்கு வராத பாக்கிக்காக மத்திய அரசு வைத்த சமாதான் இணையதளத்தில் புகார் பதிந்தேன். சிறு தொழில் என்பதற்கான அரசின் உத்யம் பதிவு முன்பே இருந்ததால் அதில் சிரமமில்லை.

நோட்டீஸ் போன மறுவாரமே கையில் இருந்த இரண்டு ஆர்டரும் ரத்து. ஐந்து மாதத்துக்கு முன் வாங்கி, பம்பில் மாட்டி விற்றும் விட்ட புஷ்களுக்கு ‘அளவு சரியில்லை’ என்று டெபிட் நோட், அதாவது பில்லில் பணம் கழிக்கும் சீட்டு. அப்புறம் பர்ச்சேஸ் மேனேஜரின் போன்: “ஏனுங்க, கேஸை வாபஸ் வாங்கிட்டீங்கன்னா பழையபடி ஆர்டர் போட்டுடலாமுங்க.” அன்று இரவு தூக்கமே வரவில்லை. சனிக்கிழமை ஆறு பேருக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

டெபிட் நோட்டிலிருந்து காப்பாற்றியது 2006-ம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டத்தின் ஒரு வரி. சரக்கில் குறை இருந்தால் வாங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. ஆனால் சரக்கு என்றைக்குப் போனது என்பதை நான்தானே காட்ட வேண்டும்! கொண்டுபோன சலான்களில் மூன்றில் வெறும் கையெழுத்து. தேதியும் இல்லை, சீலும் இல்லை. அந்தத் தேதிகளைத் தேடி ஒரு நாள் வேலை கெட்டதுதான் மிச்சம். கடைசியில் அவர்களுடைய ஸ்டோர்காரர் சரக்கு இறங்கியதும் வாட்ஸப்பில் போட்ட ‘ரிசீவ்டு’ கைகொடுத்தது. அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

தாமதமான பணத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி உண்டு. அதைக் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகே சமரசத்துக்கு இறங்கி வந்தார்கள். வட்டியை விட்டுக்கொடுத்து அசலை வாங்கினேன்.

ஆர்டரை நிறுத்திப் பழிவாங்கினால் கேட்க இந்தச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை. அதுதான் மனசு ஆறாத விஷயம். ஐரோப்பிய ஒன்றியம் 2019-லேயே, புகார் கொடுக்கும் உணவுப்பொருள் சப்ளையரைப் பழிவாங்கக் கூடாது என்று விதி போட்டு, பெயரை வெளியிடாமல் காக்கவும் வழி செய்துவிட்டது. இங்கே நம் பெயரும் பில் நம்பரும் நேராக அவர்கள் மேஜைக்கே போகின்றன. அதனால் புகார் எழுதும் முன்பே இன்னொரு கம்பெனியைப் பிடித்து வையுங்கள். நான் அதைச் செய்யாததால் இரண்டு மாதம் நகையை அடகு வைத்துக் கூலி கொடுத்தேன்.

அசல் மூன்று தவணையில் முழுசாக வந்துவிட்டது. அந்தக் கம்பெனியிலிருந்து ஆர்டர் இன்றுவரை இல்லை. இப்போது வேறு மூன்று கம்பெனிகளுக்குக் கடைகிறோம். சலானில் தேதியும் சீலும் விழாமல் டெம்போவைத் திரும்ப விடுவதில்லை.