ஞாயிற்றுக்கிழமை மழை பெய்யாத தோட்டம்: புள்ளியியல் ஆய்வில் நான் கற்றது

முதுகலை ஆய்வை முடித்து ஒரு வருடம் ஆகிறது. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் பார்க்கும்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, எந்த மாடல் போட்டீங்க?" மாடல் என்றால் எண்களை வைத்துக் கணிக்கும் கணக்கு முறை. அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் என் ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் மாடலுக்குப் போகவே இல்லை. எண்கள் எங்கிருந்து வந்தன என்று விசாரிப்பதிலேயே போயின. அந்த நாட்கள்தான் ஆய்வைக் காப்பாற்றின.

தலைப்பு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015-ல் மலேசியாவின் செம்பனை எண்ணெய் உற்பத்தி ஏறத்தாழ 2 கோடி டன். எல் நினோ வறட்சிக்குப் பிறகு, 2016-ல் அது சுமார் 1.73 கோடி டன்னாக இறங்கியது. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர், எடைக்குத்தான் சம்பளம். அந்த வருடம் வீட்டில் மளிகைக் கணக்கு இறுகியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழை குறைந்தால் எத்தனை மாதம் கழித்துக் குலை குறையும், அதை முன்கூட்டியே சொல்ல முடியுமா? இதுதான் என் கேள்வி. தலைப்பு தேடுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: விடை தெரிந்தால் யாருக்கு உதவும் என்று ஒரு முகமாவது உங்கள் மனதில் வரவேண்டும். ஆறு மாதம் ஒரே கோப்பைப் பார்த்துக்கொண்டிருக்க அந்த முகம் வேண்டும்.

பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நிர்வாகத்திடம் கடிதம் கொடுத்து அனுமதி வாங்கினேன். பிளாக் (தோட்டப் பிரிவு) வாரியாக மாத விளைச்சல், நட்ட வருடம், உரம், தினசரி மழை. தொழிலாளர் பெயரும் சம்பளமும் வேண்டாம் என்று கடிதத்திலேயே எழுதிவிட்டேன். தேவையில்லாத தனிப்பட்ட விவரம் கையில் இருந்தால் அதைக் காக்கும் பொறுப்பும் நம் தலையில் விழும்.

பழைய பதிவேடுகளை எக்செலில் தட்டச்சு செய்தபோது முதல் அடி விழுந்தது. நாம் நாளை முன்னால் எழுதுகிறோம். என் கணினியோ அமெரிக்க முறையில் மாதத்தை முன்னால் படித்தது. மார்ச் 5 மே 3 ஆகிவிட்டது. 12-க்கு மேற்பட்ட நாட்கள் மட்டும் வெறும் எழுத்தாக நின்றன. அவை நின்றதால்தான் கண்டுபிடித்தேன். இந்தத் தேதிக் கோளாறு லேசானதல்ல. எக்செல் சில மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-ல் அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே மூலக் கோப்பைப் பூட்டி வையுங்கள். திருத்தம் எல்லாம் ஆர் அல்லது பைதான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் வழியாகவே நடக்கட்டும். மூன்று மாதம் கழித்து "இந்த எண்ணை ஏன் மாற்றினாய்?" என்று ஆய்வு மேற்பார்வையாளர் கேட்டால் நிரலின் வரியைக் காட்டலாம்.

அப்புறம் மழை. மாதக் கூட்டுத்தொகையைப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ஏதோ ஒரு மாலையில் கிழமை வாரியாகச் சராசரி எடுத்து ஒரு பட்டை வரைபடம் போட்டேன். திங்கள் முதல் சனி வரை ஆறு பட்டைகள். ஞாயிறு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. திங்கள் பட்டை மட்டும் மற்றவற்றைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. பத்து வருடமாக எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஒரு சொட்டு மழையும் விழவில்லை என்றது தரவு.

மறுநாள் தோட்டத்து ஆபீசுக்குப் போய்க் கிராணி (கணக்கெழுத்தர்) அண்ணனிடம் கேட்டேன். மழைமானியைக் காலை ஏழு மணிக்குத்தான் பார்ப்பார்கள். ஞாயிறு ஆபீஸ் கிடையாது. கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்று சுழியம் போட்டுவிடுவார். இரண்டு நாள் தண்ணீரும் திங்கள் கணக்கில் சேரும். அவர் மேல் தப்பில்லை. அந்தப் புத்தகம் மாதக் கணக்குக்காக எழுதப்பட்டது, அதற்கு அது சரியான புத்தகம். நான்தான் வறண்ட நாட்களை எண்ணுவதற்கு அதைப் பயன்படுத்தப் பார்த்தேன். ஞாயிற்றுச் சுழியங்களை எல்லாம் விடுபட்டவை என்று குறித்தேன். 1981 முதல் கிடைக்கும் சிர்ப்ஸ் என்ற செயற்கைக்கோள் மழைத் தரவை இலவசமாக எடுத்து, இரண்டு நாள் மழையைப் பிரிக்க அதைத் துணையாக வைத்துக்கொண்டேன். அதன் கட்டம் ஒன்று சுமார் 5 கிலோமீட்டர். ஒரு தோட்டத்துக்கு அது கொஞ்சம் பெரிதுதான், அதையும் ஆய்வறிக்கையில் எழுதினேன்.

இதைவிடப் பெரிய பாடம் உரத்தில் வந்தது. ஒன்று மாறினால் மற்றது எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் ரிக்ரெஷன் கணக்கை முதலில் போட்டபோது, உரம் கூடினால் விளைச்சல் குறைகிறது என்று வந்தது. பி மதிப்பும் மிகச் சிறியது, அதாவது வெறும் தற்செயலாக இப்படி வருவது அரிது. சோதித்துப் பார்த்தேன், கணக்கில் பிழை இல்லை. ஓய்வு பெற்ற மண்டோர் (தோட்ட வேலையை மேற்பார்ப்பவர்) மாமா ஒருவர் கோயில் பக்கத்தில் குடியிருக்கிறார். அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏம்மா, காய்ச்சல் வந்த பிள்ளைக்குத்தானே மருந்து கொடுப்பாங்க?" என்றார்.

பதினேழாம் மட்டையிலிருந்து இலையை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். எந்தப் பிளாக்கில் சத்து குறைவோ அங்கே உரம் கூடும். அதாவது மெலிந்த மரங்களுக்குத்தான் அதிக உரம் போயிருக்கிறது. உரத்தால் விளைச்சல் குறையவில்லை, குறைந்த இடத்தைத் தேடி உரம் போயிருக்கிறது. பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் உண்டு, நானும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் என் சொந்தத் தரவில் எனக்கு அது தெரியவில்லை. மண்டோர் மாமாவுக்குத் தெரிந்தது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் 1919-ல் சேர்ந்த புள்ளியியலாளர் பிஷர், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும் என்று ஏன் அவ்வளவு வற்புறுத்தினார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உரத்தின் பலனைப் பற்றி என் ஆய்வு எதுவும் சொல்லாது என்று எழுதி, அந்த முடிவை அறிக்கையிலிருந்து நீக்கிவிட்டேன்.

மாடல் விஷயத்துக்கு வருகிறேன். மழை குறைந்தால் எந்த மாதத்தில் விளைச்சல் அடிபடும் என்று பார்க்க, மழைக்கும் விளைச்சலுக்கும் நடுவில் ஒரு மாதம் முதல் 24 மாதம் வரை உள்ள இடைவெளிகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 24 சோதனைகளை, ஒவ்வொன்றும் தற்செயலாகத் தேற 5 விழுக்காடு வாய்ப்பு என்ற அளவில் செய்தால், உண்மையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒன்றாவது தேறுவதற்கு 71 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அதனால் மரத்தைப் பற்றிப் படித்துவிட்டு மாதங்களை முன்கூட்டியே தேர்ந்தெடுத்தேன். பூ ஆணா பெண்ணா என்பது அறுவடைக்குச் சுமார் இரண்டு வருடம் முன்பே முடிவாகிவிடுகிறது. மகரந்தம் சேர்ந்து குலை பழுக்க ஐந்தாறு மாதம். இடையில் வறட்சி வந்தால் பூங்கொத்து கருகும். சோதிக்கப் போகும் மாதங்களை அந்தச் சோதனையைத் தொடங்கும் முன்பே தாளில் எழுதித் தேதி போட்டு வைத்தேன். வாய்மொழித் தேர்வில் அந்தத் தாள் பெரிய துணை.

பிளாக்குக்குப் பிளாக் மண்ணும் மரத்தின் வயதும் வேறு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டாமல், ஒவ்வொரு பிளாக்குக்கும் தனித் தொடக்கப் புள்ளி தரும் கலப்பு மாடலைப் பயன்படுத்தினேன். ஆரில் எல்எம்இ4 என்ற தொகுப்பு இதற்குப் போதும். அதற்கு முன் ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற இயந்திரக் கற்றல் மாடலைப் போட்டு, தரவைக் கண்டபடி எண்பதுக்கு இருபதாகப் பிரித்துச் சோதித்தேன். பிரமாதமாகப் பொருந்தியது. மேற்பார்வையாளர் கேட்டார்: "ஜூன் மாதத்தைக் கணிக்கும்போது ஜூலை மாதம் மாடலிடம் இருந்ததா?" இருந்தது. கடைசி இரண்டு வருடத்தை ஒதுக்கி வைத்து மறுபடி ஓட்டினேன். "போன வருடம் இதே மாதம் என்னவோ அதுவே" என்ற எளிய கணிப்பிடமே என் ஃபாரஸ்ட் தோற்றது. கலப்பு மாடல் அந்த எளிய கணிப்பைக் கொஞ்சம் மட்டும் முந்தியது. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதையே முடிவுரையில் முதல் வரியாக வைத்தேன். வாய்மொழித் தேர்வில் அந்த வரிக்கு ஒரு எதிர்க்கேள்வியும் வரவில்லை.

எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கணிதம் டி-யில் மூன்றாம் பருவம் புள்ளியியல். சூத்திரத்தை மனப்பாடம் செய்து தாண்டிவிடாதீர்கள். வீட்டு மின்கட்டணம், அம்மாவின் சர்க்கரை அளவு, கடையில் தினம் விற்கும் ரொட்டி, எதுவானாலும் சரி. இரண்டு மாதம் கையால் எழுதி வரைபடம் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் எழுத மறப்பீர்கள். அந்தக் கட்டத்தில் என்ன போடுவது என்று யோசிக்கும் நேரத்தில்தான் இந்தப் பாடம் ஆரம்பிக்கிறது.

ஆய்வறிக்கையின் ஒரு பிரதியைத் தோட்டத்து ஆபீசில் கொடுக்கப் போயிருந்தேன். கிராணி அண்ணன் அந்தக் கிழமைப் பட்டைப் படத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு நடப்பு வருட மழைப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் சுழியம் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கோடு மட்டும் போட்டிருந்தார்.