ஆடிக்காற்றுக்கு நின்ற மாட்டுக் கொட்டகை

எங்கள் பக்கம் யாராவது கொட்டகை போடப்போவதாகச் சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் விசாரிப்பது ஷீட் என்ன விலை என்பதைத்தான். அடுத்து, என்ன கலர். கால் எவ்வளவு ஆழம் நடுகிறாய் என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் எங்கள் தோட்டம் இருப்பது உடுமலைக்கும் தாராபுரத்துக்கும் நடுவில். பாலக்காட்டுக் கணவாயில் நுழைகிற தென்மேற்குக் காற்று வைகாசியில் கிளம்பினால் ஆவணி வரை இந்த வெட்டவெளியில்தான் ஓடும். காற்றாலைக்காரர்கள் இங்கே தேடிவந்து நிலம் வாங்கியது சும்மா இல்லை.

அப்பாரு (தாத்தா) காலத்துச் சாளை, அதாவது கொட்டகை, கருங்கல் கால், பனஞ்சட்டம், தென்னங்கீற்று. காற்று கீற்றைப் பிய்த்துக்கொண்டு போகும், கால் அப்படியே நிற்கும், மறு வருஷம் மறுபடி வேய்வார்கள். இப்போது கீற்று முடைய ஆளும் இல்லை, வேய ஆளும் இல்லை. கறவை மாடுகளும் பெருகிவிட்டன. இருபதுக்கு நாற்பது அடியில் இரும்புக் கொட்டகை போடுவது என்று முடிவானது. கோயம்புத்தூரில் பட்டறையில் இருந்தபோது வெல்டிங் கைக்கு வந்திருந்ததால் வேலையை நாங்களே செய்துகொள்ளலாம் என்று துணிந்தேன். கூட மாமா, மச்சான், பக்கத்துத் தோட்டத்துப் பங்காளிகள்.

அதற்கு முன் ஒரு காண்ட்ராக்டரிடம் வரைபடம் கேட்டிருந்தேன். கூரை, அதைத் தாங்கும் முக்கோணச் சட்டமான டிரஸ், முகட்டு ரிட்ஜ் எல்லாம் கம்ப்யூட்டரில் அழகாகப் போட்டுக் கொடுத்தார். குழி ஒன்றரை அடி என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. அங்கேதான் எனக்கு உறுத்தியது.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். காற்றுச் சுமைக்கான இந்தியத் தர ஏடு ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. அதில் கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர் என்று இருக்கிறது. மணிக்கு 140 கிலோமீட்டர். தினமும் அடிக்கிற காற்றில்லை, ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடிய வீச்சு. வேகத்தை வேகத்தால் பெருக்கி 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம் நியூட்டனில் வந்துவிடும்: சதுர மீட்டருக்குச் சுமார் 913 நியூட்டன், எடைக்கணக்கில் 93 கிலோ. சுற்றிலும் திறந்த கொட்டகையில் காற்று கூரைக்கு மேலே உறிஞ்சும், கீழே புகுந்து தள்ளும். தாழ்வாரம் உட்பட என் கூரை 94 சதுர மீட்டர். ஏறக்குறைய எட்டரை டன் மேல்நோக்கி இழுக்கும். ஷீட், அது உட்காரும் குறுக்குச் சட்டமான பர்லின், டிரஸ் எல்லாம் சேர்த்தும் கூரையின் எடை ஒன்றே கால் டன் தேறாது. ஆக, கூரை விழாமல் தாங்குவது காலுக்கு ஒரு பெரிய வேலையே இல்லை. பறக்காமல் பிடித்து வைப்பதுதான் வேலை. இது தோராயக் கணக்குதான். கூரைச் சரிவையும் திறப்பையும் பொறுத்துக் கூடும், குறையும். இதைவிட அகலமான கொட்டகைக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டிவிடுவதுதான் சரி.

பத்துக் கால் வைத்தேன், பத்தடிக்கு ஒன்றாக இரண்டு வரிசை. ஒரு காலுக்குச் சராசரி 850 கிலோ இழுப்பு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அகலம், மூன்றரை அடி ஆழம் குழி. அடியில் மட்டும் இரண்டடி அகலத்துக்குக் குடைந்து விட்டோம். உள்ளே போகும் கான்கிரீட்டே 600 கிலோ வாக்கில் வரும். அடி அகலமாக இருப்பதால் மேலே இருக்கும் மண்ணும் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். “ரெண்டடி போதும் மாப்ளே, கீழ சுக்காம்பாறை” என்று மாமா நின்றுகொண்டார். பாறை என்றால் கால் கீழே இறங்காது, அது உண்மை. மேலே வராது என்று யார் சொன்னது? கடப்பாரையால் இடித்து இடித்துத்தான் இறங்கினோம். இந்த வேலையில் உடம்பு வலித்தது இந்தக் குழிகளுக்கு மட்டும்தான்.

கால், மூன்று அங்குல ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். ஒரு பைப் இருபது அடி வரும். தரைக்கு மேலே ஒன்பது, உள்ளே மூன்றரை போக ஏழரை அடி மிச்சம். அந்தத் துண்டுகளை வீசவில்லை, தீவனத் தொட்டியை ஒட்டி மாடு கட்டும் தறிகளாக நட்டாயிற்று. புதைகிற முனையில் கம்பித் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வெல்டு வைத்தேன். வழவழவென்ற பைப்பைக் கான்கிரீட்டில் சும்மா நிறுத்தினால், கான்கிரீட் அங்கேயே இருக்க பைப் மட்டும் உருவிக்கொண்டு வரலாம். குறுக்குக் கம்பி இருந்தால் முடியாது. மேல் வாயையும் தகடு வைத்து அடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கித் தேங்கும்.

ஜி.ஐ. பைப்பில் வெல்டு வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. துத்தநாகப் பூச்சு எரியும்போது வெள்ளைப் புகை வரும். மூடின இடத்தில் அதைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் மாதிரி தூக்கிப் போடும். வெல்டு வைக்கும் இடத்தில் பூச்சைக் கிரைண்டரால் உரித்துவிட்டு, வெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று செய்யுங்கள். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று எல்லாப் பட்டறையிலும் சொல்வார்கள். பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாடு வைத்திருக்கிற நானே சொல்கிறேன்.

மூலை மட்டத்துக்குப் பழைய 3-4-5 கணக்கு. ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி அளந்தால் குறுக்கே ஐந்தடி வரவேண்டும். பெரிய இடம் என்பதால் 12-16-20 ஆகப் பிடித்தோம். உயரத்துக்கு டியூப் மட்டம், செங்குத்துக்குத் தூக்குக்குண்டு. முதலில் நாலு மூலைக் காலை நிறுத்திக் கயிறு கட்டி, நடுக்கால்களை அந்தக் கயிற்றுக்குப் பிடித்தோம். கலவை 1:2:4, முக்கால் அங்குல ஜல்லி, எம்-சாண்ட். ஒரு வாரம் ஈரச்சாக்கு சுற்றித் தண்ணீர் விட்டோம். அதுவரை யாரும் காலை ஆட்டக்கூடாது.

டிரஸ் வேலைக்கு எங்கள் சிமெண்டுக் களம் கைகொடுத்தது. முழு அளவில் சாக்பீஸில் களத்திலேயே வரைந்து, முதல் டிரஸை அதன்மேல் வைத்து வெல்டு போட்டு, மற்ற நான்கையும் அதையே அச்சாக வைத்துச் செய்தேன். தூக்கியதில் சுவாரசியம் ஒன்றுமில்லை: செயின் பிளாக், நாலு பேர், நிறையச் சத்தம். முதல் டிரஸை ஏற்றியதும் இரண்டு பக்கமும் கயிறு இழுத்துத் தறியடித்துக் கட்டிவிட வேண்டும் என்பது மட்டும் முக்கியம். இரண்டு கடைசிக் கட்டங்களிலும் கூரைச் சரிவில் குறுக்குப் பட்டை போட்டால்தான் ஐந்தும் சேர்ந்து நிற்கும். அது இல்லாவிட்டால் வரிசையாக ஒன்றன்மேல் ஒன்று சாயும்.

கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்கு. வெயில் பிரதேசத்தில் மாட்டுக் கொட்டகைக்கு அதுதான் முறை. பக்கவாட்டு வெயில் உள்ளே அதிகம் வராது. எங்களுக்கு இன்னொரு லாபம், காற்று கூரைச் சரிவின்மேல் நேராக மோதாமல் முகப்பில் வந்து மோதும். மேற்கே மட்டும் ஐந்தடி உயரத்துக்கு ஹாலோபிளாக் சுவர். கிழக்கை அடைத்து மேற்கைத் திறந்து விட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கொட்டகை காற்றுக்கு வாய் திறந்த கோணிப்பை.

ஷீட் விஷயத்துக்கு வருகிறேன். அரை மில்லிமீட்டர் கலர் ஷீட், பதின்மூன்று அடி நீளமாகவே வெட்டி வாங்கினால் நடுவில் ஒட்டு வராது. அம்மாவுக்கு நீலம் பிடித்திருந்தது. வெயிலை நினைத்து வெள்ளைக்குச் சம்மதிக்க வைத்தோம். பதிக்கும்போது கிழக்குக் கோடியிலிருந்து தொடங்கி மேற்கே வரவேண்டும். ஒவ்வொரு புது ஷீட்டும் முந்தினதன் ஓரத்தின்மேல் ஏறும். அதன் திறந்த விளிம்பு கிழக்கே பார்த்திருக்கும். மேற்கிலிருந்து வருகிற காற்றுக்கு நகத்தை நுழைக்க இடம் கிடைக்காது. எங்கள் ஊரில் பாதிக் கூரைகள், ஏணி எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கியவை.

ஸ்க்ரூ முறுக்குவது மச்சான் வேலை. ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கி விளிம்பில் எட்டிப் பார்த்தவுடன் டிரில்லை நிறுத்த வேண்டும். இன்னும் ஒரு சுற்று போனால் ரப்பர் நசுங்கி வெடிக்கும், ஷீட்டும் குழியும், அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும். தளர்வாக விட்டாலும் ஒழுகும். ஓரங்களிலும் மூலைகளிலும் நடுவில் போடுவதைப்போல இரண்டு மடங்கு ஸ்க்ரூ போட்டோம். காற்று எப்போதும் ஓரத்திலிருந்துதான் உரிக்கத் தொடங்கும். சாயங்காலம் இறங்கும்முன் இரும்புத் துருவலைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிடுவோம். விட்டுவைத்தால் பனியில் நனைந்து மறுநாளே ஷீட்டில் துருப்புள்ளி விழும்.

தரைக்குப் பலரும் வழவழப்பாகப் பூசச் சொல்வார்கள், கழுவ எளிது என்று. வேண்டாம். வழுக்கி விழுந்து இடுப்பு கழன்ற மாடு எழுந்திருக்காது. கான்கிரீட் இறுகுமுன் கயிற்றை அழுத்தி எடுத்துக் கோடு போட்டோம். வாலுக்கு வால் வைத்து இரண்டு வரிசை. இருபது அடியும் ஓரங்குலம் மிச்சமில்லாமல் சரியாக வரும்: இரு பக்கமும் தீவனத் தொட்டி இரண்டடி, மாடு நிற்க ஐந்தரை, வாய்க்கால் ஒன்று, நடுவில் மூன்றடி நடைபாதை. மாடு நிற்கும் இடத்தில் வாய்க்காலை நோக்கி ஓரங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சரிவு போதும். அதிகம் வைத்தால் மாட்டின் பின்கால்கள் எப்போதும் பள்ளத்தில் நிற்கும், சினைமாட்டுக்கு ஆகாது.

மாட்டு மூத்திரம் இரும்பைத் தின்னும். பைப் தரையோடு சேரும் இடத்தில்தான் முதலில் அரிக்கும். அப்பாரு கல்லுக்கால் நட்டதன் அருமை அங்கே புரியும். எங்கள் கால்களைச் சுற்றி ஒரு அடி உயரத்துக்குக் கான்கிரீட் கழுத்து கட்டி, மேல்முனையைத் தண்ணீர் வழிந்தோடும்படி சரித்துப் பூசியிருக்கிறோம்.

செலவில் பாதிக்கு மேல் இரும்புக்கே போனது. குழிக்கான சிமெண்டும் ஜல்லியும் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஆழத்தில் மிச்சம் பிடிக்கிறவர்கள் என்னத்தை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

ஆனி, ஆடி இரண்டும் தாண்டியாயிற்று. பலமாக அடிக்கும்போது ஷீட் ஓரம் கொஞ்சம் முனகும், அவ்வளவுதான். இப்போது மாமாவே தன் கொட்டகைக்குக் குழி மூன்றரை அடி என்று ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார், சுக்காம்பாறையைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்கு அடுத்த வேலை கூரைத் தண்ணீரைப் பிடிப்பது. ஒரு சென்டிமீட்டர் மழைக்கே 900 லிட்டர் வரும். பி.வி.சி. பைப்பை நெடுக்காக அறுத்துத் தாழ்வார ஓரத்தில் கட்டி, தொட்டிக்குத் திருப்பவேண்டும். ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும்.