யூனிட்ட பாருங்க, கணக்கு தானா வரும்

நிறையில இருந்து கன அளவு எடுக்கும்போது பெருக்கணுமா வகுக்கணுமான்னு பசங்க முழிக்கிறத பாத்துட்டே இருக்கேன், ஃபார்முலாவ மனப்பாடம் பண்ணாதீங்கப்பா, யூனிட்ட மட்டும் பாருங்க. செம்போட அடர்த்தி 8.96, அதாவது 1 கன செ.மீ. செம்பு 8.96 கிராம். கையில 448 கிராம் இருக்குன்னா கிராம் அடிபட்டு போகணும்ல, அதனால 8.96 கிராம கீழ போட்டு 1 கன செ.மீ.ய மேல வைங்க, கிராமும் கிராமும் கேன்சல், மிச்சம் 50 கன செ.மீ.

தெரியாம பெருக்கிட்டா 4014னு வரும், கூடவே கிராம் ஸ்கொயர்னு ஒண்ணு வந்து நிக்கும், கன அளவுல கிராமுக்கு என்ன வேலை, அங்கயே தப்பு தெரிஞ்சிடும், எனக்கு ரொம்ப புடிச்சதே இதுதான். அதே 448 கிராம் அலுமினியம்னா (அடர்த்தி 2.70) கிட்டத்தட்ட 166 கன செ.மீ. வரும். கிலோல குடுத்திருந்தா முன்னாடி 1000 கிராம் பை 1 கிலோன்னு இன்னொரு பின்னம் சேத்துக்கோங்க.