ஷினோபஸு குளத்துச் சரஸ்வதி

டோக்கியோவுக்கு வந்து ஆறு வருஷமாகியும் யானாக்கா பக்கம் நான் போனதே இல்லை. 1923 நிலநடுக்கத்துக்கும் 1945 குண்டுவீச்சுக்கும் பெரும்பாலும் தப்பிய பழைய பேட்டை அது. புத்தாண்டின் முதல் பத்து நாட்களில் இங்கே ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களை நடந்தே தரிசிப்பார்கள். கும்பகோணத்தைச் சுற்றி நவக்கிரகக் கோயில்களுக்குப் போய் வருகிறோமே, கிட்டத்தட்ட அப்படித்தான். இந்த ஜனவரியில் நானும் கிளம்பிவிட்டேன்.

தபாத்தாவில் தொடங்கி முதல் மூன்று கோயில்களை வேகமாக முடித்தேன். நான்காவது தென்னோஜி. அங்கிருக்கும் பிஷாமோன்தென் வேறு யாருமில்லை, வைஸ்ரவணன். அதாவது நம் குபேரன்! பக்கத்தில் பெரிய மயானம். கல்லறைகளுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கும் மேலே ஒல்லியான மரப்பலகைகளை நட்டிருந்தார்கள். காற்றடித்தால் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று சத்தம். கிட்டே போய்ப் பார்த்தேன். தூரிகையால் மையில் எழுதிய எழுத்துகள், ஆனால் ஜப்பானிய எழுத்து இல்லை. பிராமியின் வழிவந்த 'சித்தம்' என்ற எழுத்து, நம் கிரந்தத்துக்குத் தூரத்து உறவு. மேலிருந்து கீழாக க, ஹ, ர, வ, அ என்று ஐந்து பீஜங்கள். ஆகாயம், காற்று, நெருப்பு, நீர், நிலம். பஞ்சபூதத் தலங்களைச் சுற்றி வளர்ந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? அந்தக் குளிரிலும் வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

அப்புறம் கோகோகுஇன். அங்கே தாய்கோகுதென், மகாகாளன். நம் ஊர் உக்கிரமெல்லாம் போய், சுத்தியலும் மூட்டையுமாகச் சிரித்த முகத்தோடு செல்வம் தருகிற சாமியாகிவிட்டார்.

கடைசியாக உவேனோவில் ஷினோபஸு குளம். ஆடி மாதத்தில் தாமரை மூடிக் கிடக்கும் குளத்தில் இப்போது காய்ந்த தண்டுகள் மட்டும். நடுத்தீவில் பென்தென்தோ. 1945-ல் எரிந்து 1958-ல் திரும்பக் கட்டிய சன்னிதி. உள்ளே எட்டுக் கைகளோடு பென்ஸாய்தென், நம் சரஸ்வதி. வீணைக்குப் பதில் இந்த ஊரில் அவளுக்கு பீவா என்ற வாத்தியம். வாசலில் அதற்கும் ஒரு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள்.

ஐந்து யென் நாணயத்தை உண்டியலில் போட்டுக் கைகூப்பினேன். பக்கத்தில் ஒரு பாட்டி கண்மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "ஓன் சொரசொபதேயேய் சொவக." முதல் தடவை பிடிபடவில்லை. இரண்டாவது தடவை உடம்பு சிலிர்த்தது. ஓம் சரஸ்வத்யை ஸ்வாஹா! சின்ன வயதில் சரஸ்வதி பூஜையன்று புத்தகத்துக்குச் சந்தனம் வைத்து அம்மா கூடச் சேர்ந்து சொன்ன அதே பெயர்.

என்னையறியாமல் நானும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பாட்டி கண்திறந்து, "இந்தியாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சன்னிதியைக் கைகாட்டி, "இவங்களும் அங்கிருந்து வந்தவங்கதானே" என்றார்.

மூன்றாம் தடவை இருவரும் சேர்ந்தே சொன்னோம். அவர் அவருடைய உச்சரிப்பில், நான் என்னுடையதில்.