மேல்மாடிக்கு வைஃபை: காற்றை விடக் கம்பியே மேல்

மேல்மாடியில் வைஃபை எடுக்கவில்லை என்று இலங்கை மலையகத்தின் ஹட்டனில் யாரிடம் சொன்னாலும், "ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி மாட்டுங்கள்" என்பதே முதல் பதிலாக வருகிறது. ரவுட்டரின் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் சிறு கருவிதான் ரிப்பீட்டர். எங்கள் வீட்டு மேல்மாடியைச் சீராக்கி முடித்த பின்னர், இதற்கு மாறான ஒன்றை நான் உறுதியாகச் சொல்வேன். கீழேயுள்ள ரவுட்டரிலிருந்து மேல்மாடி வரை ஒரு நெட்வேர்க் கேபிளை இழுத்து, அதன் முனையில் இன்னொரு வைஃபை கருவியை வைப்பதே நிலையான தீர்வு. ஏனைய வழிகளை, கேபிள் இழுக்கவே முடியாத வீடுகளுக்கு என்று ஒதுக்கி வைக்கலாம்.

எங்கள் பக்கத்து வீடுகள் பலவும் மேட்டை வெட்டிச் சமன்செய்து, முதலில் கீழ்த்தளத்தை மட்டும் கட்டி, கையில் காசு சேர்ந்த பிறகு கொங்கிரீட் தட்டுப் போட்டு மேலே அறைகளை எழுப்பியவை. ஃபைபர் இணைப்பைப் பொருத்த வருகிறவர்கள் கம்பத்திலிருந்து வயர் நுழைய இலகுவான இடத்தில், பெரும்பாலும் முன் அறையின் ஒரு மூலையில், ரவுட்டரை மாட்டிவிடுகிறார்கள். அந்த மூலையிலிருந்து மேல்மாடியின் பின்னறைக்குப் போகவேண்டிய அலை, இரும்புக் கம்பிகள் பின்னிய தட்டை நேராக அல்லாமல் சாய்வாகக் கடக்கவேண்டியிருப்பதால், அதற்குக் குறுக்கே நிற்கும் கொங்கிரீட்டின் தடிப்பும் கூடிவிடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது என்றாலும் கொங்கிரீட்டில் விரைவாகத் தேய்ந்துவிடும்; 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஓரளவு ஊடுருவும், ஆனால் அதில் அயல்வீட்டு ரவுட்டர்களின் நெரிசல் அதிகம். பழைய தோட்டத்துப் பங்களாக்களின் கருங்கல் சுவர்களுக்குள் இருப்பவர்களுக்கு இதைவிடவும் சிரமம்.

எதையும் வாங்குவதற்கு முன்னர் அளந்து பார்ப்பது அவசியம். முதலில் ஒரு மடிக்கணினியைக் கேபிள் மூலம் நேரடியாக ரவுட்டரில் இணைத்து வேகத்தைப் பார்க்கவேண்டும். அங்கேயே வேகம் குறைவாக இருந்தால் குறை இணைப்பில்தான் இருக்கிறது. வீட்டுக்குள் என்ன மாற்றினாலும் பயனில்லை. அங்கே வேகம் சரியாக இருந்தால், கைப்பேசியில் வைஃபை அளக்கும் செயலி ஒன்றை நிறுவிக்கொண்டு அறை அறையாக நடக்கலாம். சமிக்ஞையின் வலுவைச் சொல்ல செயலி காட்டும் டிபிஎம் எண் எதிர்மறையானது. பூச்சியத்தை நெருங்க நெருங்க நல்லது. ஏறக்குறைய -67 வரை காணொளி வகுப்பு தடையின்றி ஓடும். -80ஐத் தொட்டால் பெயருக்குத்தான் இணைப்பு. எங்கள் வீட்டில் படிக்கட்டின் நடுவில் -58 காட்டிய கைப்பேசி, மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பின்னறையில் -81 காட்டியது. 3 டெசிபல் குறைந்தால் வலு பாதியாகும் என்ற கணக்கில், இந்த 23 டெசிபல் வித்தியாசம் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்காகச் சுருங்கியதற்குச் சமம். "வகுப்பு நடக்கும்போது வட்டம்தான் சுத்துது அப்பா" என்று அவள் சொன்னதன் பொருள் இந்த எண்ணில் இருந்தது.

ரவுட்டருக்கு வெளியே அன்டனா இருந்தால் செலவில்லாத ஒரு வழியைச் சோதிக்கலாம். நிமிர்ந்து நிற்கும் அன்டனாவிலிருந்து அலை பரவும் வடிவம் உளுந்து வடையைப் போன்றது: பக்கவாட்டில் தடிப்பாகவும், அன்டனாவின் நுனி காட்டும் திசையில் ஓட்டையாகவும் இருக்கும். ஆகவே ஒன்றை நிமிர்த்தியும் மற்றதைப் படுக்கையாகவும் வைத்தால் மேல்தளத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். எங்களுடைய ரவுட்டரின் அன்டனாக்கள் உள்ளேயே இருப்பதால் இந்த வழி எங்களுக்கு இல்லை.

ரிப்பீட்டரைப் பொறுத்தவரை, ஒரே அலைவரிசையில் கேட்டு அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்லும் சாதாரண வகையில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதிலும் பலர் அதைச் சமிக்ஞை கிடைக்காத அறையிலேயே மாட்டுகிறார்கள். பலவீனமாக வந்ததைத்தானே அது திருப்பி அனுப்பமுடியும்? கேபிளுக்கு வழியே இல்லாத வாடகை வீடென்றால், படிக்கட்டின் நடுப்பகுதியில், சமிக்ஞை நன்றாக இருக்கும் இடத்தில் மாட்டுவது ஓரளவுக்குக் கைகொடுக்கும்.

கேபிள் இழுப்பதற்குத் தட்டைத் துளைக்கவேண்டியதில்லை. படிக்கட்டுச் சுவரோரமாக மெல்லிய பி.வி.சி. குழாய்க்குள், மின்சார வயர்களை ஒட்டாமல், கொண்டுபோனால் போதும். கேட் 5ஈ அல்லது கேட் 6 கேபிள் 100 மீற்றர் வரை ஜிகாபிட் வேகத்தைக் கொண்டுசெல்லும். வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு, முனையைச் சற்றுச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், அதைத் தவிர்ப்பது நல்லது. இரு முனைகளிலும் பிளக்கை அழுத்தும்போது வரிசை ஒன்றாகவே இருக்கவேண்டும்: செம்மஞ்சள் கோடிட்ட வெள்ளை, செம்மஞ்சள், பச்சை கோடிட்ட வெள்ளை, நீலம், நீலக் கோடிட்ட வெள்ளை, பச்சை, கபிலக் கோடிட்ட வெள்ளை, கபிலம். எட்டு இழைகளும் பிளக்கின் நுனிச் சுவரைத் தொட்டுநிற்கின்றனவா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே அழுத்தவேண்டும். நீலச் சோடியிலோ கபிலச் சோடியிலோ ஓர் இழை தொடாமல் போனாலும் இணைப்பு வேலை செய்வதுபோலவே தெரியும்; ஆனால் 1000க்குப் பதிலாக 100 மெகாபிட்டில் நின்றுவிடும்.

மேலே வைப்பதற்குப் புதிய கருவிதான் வேண்டும் என்றில்லை. பயன்படாமல் கிடக்கும் பழைய ரவுட்டரை ஆக்சஸ் பொயின்ட் முறைக்கு, அதாவது கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்ப மட்டும் செய்யும் முறைக்கு, மாற்றலாம். அந்த முறை அதில் இல்லாவிட்டால், கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபியை நிறுத்தி, கீழ் ரவுட்டரோடு மோதாத முகவரி ஒன்றைக் கொடுத்து, கேபிளை அதன் லேன் துளையில் செருகினால் போதும். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரு தளங்களிலும் ஒன்றாகவே இருக்கட்டும், 2.4 கிகாஹெர்ட்ஸில் கீழே 1ஆம் சனல் என்றால் மேலே 6 அல்லது 11 என்று வைத்தால் ஒன்றையொன்று குழப்பாது. மேலே வந்த பிறகும் கைப்பேசி கீழ் ரவுட்டரையே பிடித்துக்கொண்டிருந்தால், கீழ் ரவுட்டரின் ஒலிபரப்பு வலுவைச் சற்றுக் குறைத்துவிடலாம். இப்போது பின்னறையில் -45 காட்டுகிறது. மகளின் வகுப்புகள் தடைப்படுவதில்லை.

மலையகத்தில் இருப்பவர்கள் இரண்டு விடயங்களைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னல் கடுமையாக இருப்பதால், செம்புக் கேபிளை வீட்டுக்கு வெளியே சுவரோரமாக இழுக்காதீர்கள். இடி முழங்கத் தொடங்கினால் இரு கருவிகளின் மின்செருகிகளையும் கழற்றிவிடுங்கள். மற்றது மின்வெட்டு. மேலும் கீழும் இரண்டு கருவிகள் இருக்கும்போது, கீழே மட்டும் சிறிய யூபிஎஸ் வைத்தால் மேல்தளம் அணைந்துவிடும். கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் பிஓஈ வகை ஆக்சஸ் பொயின்டை மேலே வைத்து, அதற்கு மின்னூட்டும் இன்ஜெக்டரைக் கீழே ரவுட்டரோடு சேர்த்து, இரண்டையும் தாங்கக்கூடிய ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டினால் இரு தளங்களும் இயங்கும். புதிதாக வாங்குகிறவர்கள் இந்த வகையையே கேட்டு வாங்குங்கள்.