ரங்கூன் வாயிலில் மைன் வாரிய ஐயா

தேவகோட்டைப் பக்கத்தில் பர்மாக் கதை இல்லாத வீடு குறைவு. கிட்டங்கி என்ற கிடங்கு, வட்டி, நெல், தேக்கு என்றுதான் அந்தக் கதைகள் ஓடும். எங்கள் ஐயாவின் பர்மாவில் இதெல்லாம் கிடையாது. கலங்கிய ஓர் ஆறும் அதன் சேற்றில் கிடந்த மைன் என்ற கண்ணிவெடிகளும்தான்.

அவருடைய அப்பா ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, இருந்தவர். 1942-இல் ஜப்பான்காரன் வந்ததும் அரக்கான் வழியாக நடந்தே கிளம்பி, எலும்பும் தோலுமாக ஊர் வந்து சேர்ந்தார். வீட்டில் வருமானம் நின்றுபோனது. ஊரணியைத் தவிர வேறு தண்ணீரைப் பார்த்திராத ஐயா, பதினெட்டு வயதில் கடற்படையில் சேர்ந்தார். பம்பாயில் பயிற்சி, அப்புறம் மைன் வாரும் கப்பல்.

வேலை இதுதான். கப்பலுக்குப் பின்னால் நீளமான இரும்பு வடம் ஒன்றை இழுத்துக்கொண்டே போவார்கள். அதன் நுனியில் மிதவை. மிதவைக்கு அடியில் தொங்கும் சட்டம் தண்ணீரின் வேகத்தில் வடத்தைப் பக்கவாட்டில் விரித்துக்கொடுக்கும். கப்பலை ஒட்டி இன்னொரு சட்டம் அதை ஆழத்தில் அமுக்கி வைக்கும். கடலடியில் கட்டிவைத்த மைனின் கம்பி இதில் மாட்டி அறுந்தால் மைன் மேலே மிதக்கும். அதைத் துப்பாக்கியால் சுடுவார்கள். உடம்பில் ஓட்டை விழுந்தால் மூழ்கும். கொம்பில் பட்டால் வெடிக்கும். கொம்புக்குள் கண்ணாடிக் குழாயில் அமிலம் இருக்கிறது. கொம்பு வளைந்து குழாய் உடைந்தால் மின்சாரம் உண்டாகி மருந்து பற்றிக்கொள்ளும்.

ஐயா சுடுகிறவர் இல்லை. வடத்தை இறக்கி ஏற்றும் வின்ச் பக்கம் நின்றவர். பிசிறு விட்ட கம்பி கையுறையைத் தாண்டி உள்ளங்கையில் ஏறும். போர் வடு என்று எங்களுக்குக் காட்டியது அதைத்தான்!

கப்பல்கள் சாய்வு வரிசையில் போகும். முன்கப்பல் வாரிய தண்ணீரில்தான் அடுத்த கப்பல் வரும், ஆகவே வாராத தண்ணீர் முதல் கப்பலுக்கு மட்டும். "நாங்க முன்னால போற அன்னிக்கு எவனும் கீழ்த்தளத்துல தங்க மாட்டான்" என்பார்.

ரங்கூன் ஆற்றில் வேறு தலைவலி. அங்கே காந்த மைன்கள். அடியில் சும்மா கிடக்கும், அறுப்பதற்குக் கம்பியே இல்லை. மேலே கப்பலின் இரும்பு கடந்தால் காந்தப்புலம் மாறும், வெடிக்கும். அதனால் இரண்டு கப்பல்கள் அக்கம்பக்கமாகப் போய், பின்னால் மிதக்கும் மின்கம்பிகளில் விட்டுவிட்டு மின்சாரம் பாய்ச்சி, தூரத்திலேயே வெடிக்கவைக்க வேண்டும். சில மைன்களில் எண்ணும் கருவி உண்டு. முதல் சில கப்பல்களை விட்டுவிட்டு அப்புறம்தான் வெடிக்கும். ஒரு தடவை வாரிய பாதையை நம்ப முடியாது. திரும்பத் திரும்ப அதே பாதை, அதே வடம், அதே வின்ச். பயத்தைவிடச் சலிப்புதான் அதிகம் என்று ஐயா சொன்னதை நான் முழுசாக நம்புகிறேன்.

இதில் கூத்து என்னவென்றால், ஜப்பான் கப்பல்கள் வரக்கூடாதென்று அந்த ஆற்றுப் பாதையில் விமானத்திலிருந்து மைன் போட்டதே ஐயாவின் பக்கத்து நேசநாட்டுக்காரர்கள்தான்.

1945 மே 2-ஆம் தேதி நேசநாட்டுப் படைகள் ஆற்று முகத்தில் இரு கரையிலும் இறங்கின. மறுநாள் ரங்கூனுக்குள் நுழைந்தபோது ஜப்பானியர் ஏற்கெனவே காலி செய்திருந்தார்கள். ஐயாவின் கப்பல் ஆற்று முகத்திலேயே, எலிபண்ட் பாயிண்ட் பக்கம், வாரிக்கொண்டிருந்தது. நகரத்துக்குள் அவர் கால் வைக்கவே இல்லை.

ஊர் திரும்பியதும் அவருடைய அப்பா கேட்ட முதல் கேள்வி: "மொகல் தெருக் கடை நிக்குதாப்பா?" செட்டியாரும் ஆள் அனுப்பி அதையே கேட்டார். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்த காலம், கேட்காமல் என்ன செய்வார்கள்? அவ்வளவு தூரம் போய்விட்டுக் கடையைப் பார்க்காமல் வந்தவன் என்று வீட்டில் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

வந்த ஆளிடம் ஐயா சொல்லி அனுப்பியது: "எலிபண்ட் பாயிண்ட் பக்கம் எத்தனை பாகம் ஆழம் தண்ணின்னு கேக்கச் சொல்லுங்க, சொல்றேன். கடையைப் பத்தி எனக்குத் தெரியாது."